கெர்னலுக்குள் லேசான த்ரெட்: தனி ஸ்டாக்கா, கன்டினியூவேஷனா?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் த்ரெட்டை (தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்) லேசாக்குவது என்றதும் எல்லோரும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச், அதாவது ஒரு த்ரெட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறும் செலவைத்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு கெர்னல் த்ரெட்டுக்கு நடுவே மாற, சில ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக் பாயின்டரையும் மாற்றினால் போதும், அட்ரஸ் ஸ்பேஸை (ஒரு ப்ராசஸ் பார்க்கும் மெமரி வரைபடம்) தொடவே வேண்டாம். உண்மையில் மெமரியைத் தின்பது ஸ்டாக், அதாவது ஃபங்ஷன் அழைப்புகளும் அவற்றின் லோக்கல் வேரியபிள்களும் உட்காரும் இடம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்கு 16 கேபி. 2014-இல் வந்த 3.15 பதிப்புக்கு முன் 8 கேபிதான், அது பத்தாமல் போய்த்தான் இரட்டிப்பாக்கினார்கள். ஒரு லட்சம் த்ரெட் வைத்தால் ஸ்டாக்குக்கு மட்டுமே சுமார் 1.6 ஜிபி, அவற்றில் பெரும்பாலானவை எதற்காகவோ காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

மாக் 3.0 என்ற கெர்னல் இதற்கு கன்டினியூவேஷன் என்ற வேறு வழி கண்டது. த்ரெட் தூங்கப் போகும்போது, எழுந்ததும் எந்த ஃபங்ஷனில் தொடர வேண்டும் என்பதைக் குறித்து, தேவையான ஒன்றிரண்டு மதிப்புகளை த்ரெட் ஸ்ட்ரக்சரிலேயே போட்டுவிட்டு ஸ்டாக்கைக் கைவிட்டுவிடும். மெசேஜ் அனுப்பும் த்ரெட், வாங்கக் காத்திருக்கும் த்ரெட்டிடம் தன் ஸ்டாக்கையே கொடுத்துவிட்டுப் போகலாம், நடுவில், அடுத்து எதை ஓட்டுவது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரின் வரிசை கூடத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது! எஸ்இஎல்4 என்ற கெர்னல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு ப்ராசசர் கோருக்கு ஒரே கெர்னல் ஸ்டாக் என்று முடித்துக்கொண்டது.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை? கோட் எழுதிப் பார்த்தால் தெரியும். ஃபைல் சிஸ்டம் டிரைவரைக் கூப்பிட்டு, டிரைவர் ஆறு ஃபங்ஷன் ஆழத்தில் டிஸ்க்குக்காகக் காத்திருந்தால், அந்த ஆறு படியின் லோக்கல் வேரியபிள்களையும் கையாலேயே எடுத்துச் சேமிக்க வேண்டும். தனி ஸ்டாக்கில் கம்பைலர் இலவசமாகச் செய்துதரும் வேலை அது. அப்புறம் டீபக்கிங்: தூங்கும் த்ரெட்டின் பேக்டிரேஸ் எடுத்தால், எப்படி அங்கே வந்தது என்ற தடமே இருக்காது.

வேலை சின்னது, அடிக்கடி வருவது என்றால் இரண்டுமே வேண்டாம், வேலைகளை வரிசையில் போட்டு ஓட்டும் வொர்க்கியூ போதும். லினக்ஸில் 2010-இல் 2.6.36 பதிப்பில் அதைத் திருத்தி எழுதிய பிறகு, ஒவ்வொரு கியூவுக்கும் தனித்தனி த்ரெட் என்பது போய் எல்லாம் பொதுவான வொர்க்கர் பூலில் (பகிர்ந்துகொள்ளும் த்ரெட்களின் தொகுதி) ஓடுகின்றன.

புதிதாக ஒரு கெர்னல் எழுதுகிறவர் கேட்டால், தனி ஸ்டாக்கோடு தொடங்கச் சொல்வேன். பிறகு தூங்கும் த்ரெட்கள் எந்த இடத்தில் குவிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மெசேஜுக்கும் பேஜ் ஃபால்ட்டுக்கும் (வேண்டிய பக்கம் மெமரியில் இல்லாதபோது எழுவது) காத்திருக்கும் இடங்களாகத்தான் இருக்கும். அங்கே மட்டும் கன்டினியூவேஷன் போடுங்கள். மாக்கிலும் கன்டினியூவேஷன் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை, வேண்டாத இடத்தில் த்ரெட் தன் ஸ்டாக்கை வைத்துக்கொண்டே தூங்கலாம்.