பாத்தி ஓரத்துக்குச் செங்கல் பதிக்கிறவங்க, அன்னைக்கே காவி அடிக்க விடாதீங்க

திருச்சியில் நர்சரியும் வைத்துக்கொண்டு கார்டன் வேலையும் எடுத்துச் செய்கிறவர் ஒருவர். எங்கள் வீட்டுப் பாத்தி ஓரத்துக்குச் சேம்பர் செங்கல் (அறை அறையாக உள்ள சூளையில் சுட்டது), சாய்த்து வைத்துப் பாதிக் கல் மண்ணுக்குள் இருக்கும், ரன்னிங் அடி, அதாவது நீளத்தில் ஓர் அடிக்கு, 150 ரூபாய் என்று பேசினார். கல் பதித்த அன்று சாயங்காலமே சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்தாயிற்று. வீட்டு வாசல் தாலுகா ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

ஐப்பசி மழையில் வரிசையே படுத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் அத்தனையும் அரைக்கல்! 9 அங்குலக் கல்லை இரண்டாக உடைத்து, வெளியே தெரிகிற பாதியை மட்டும் வைத்து, அடியில் ஒரு கரண்டி கலவை. மண்ணுக்குள் போக வேண்டிய பாதி அடுத்த கல்லாகி நிற்கிறது. அதுவும் வேகாத கல். உடைந்த பக்கத்தை நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன், காலையில் முனையெல்லாம் கரைந்து அடியில் சேறு. இதையெல்லாம் மறைக்கத்தான் அந்த அவசரப் பெயிண்ட்.

அளவு இன்னொரு கதை. காம்பவுண்டு சுவரை ஒட்டி இரண்டு பாத்தி, ஒவ்வொன்றும் 20க்கு 4 அடி. சுவர்ப் பக்கம் கல்லே கிடையாது. ஆக ஒன்றுக்கு 28 அடிதான். பில்லில் நான்கு பக்கமும் சேர்த்து 48. இரண்டுக்கும் 40 அடி கூடுதல், 6,000 ரூபாய். கேட்டால், "சுத்தளவுக்குத்தானே மேடம் பேசினோம்?" என்கிறார். அரைக்கல்லைப் பற்றிக் கேட்டதற்கு, "மழைக்கு எந்தக் கல்லு மேடம் நிக்கும்?"

வேலை கொடுக்கிறவர்கள் கல் வந்து இறங்கும்போதே இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். வெந்த கல் கணீரென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி போடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் என்றால் 600 கிராம். பதித்த பிறகு, பெயிண்டுக்கு முன்னால், நடுவில் ஏதாவது ஒரு கல்லை நீங்களே கைகாட்டி எடுக்கச் சொல்லுங்கள். எந்தெந்தப் பக்கம், முழுக்கல்லா என்பதெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதியிருக்கட்டும்.

என் 6,000 இன்னும் வரவில்லை. அதற்குப் பதில் இரண்டு காகிதப்பூச் செடி தருகிறாராம். வேண்டாம், பணமாகவே கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.