துலூஸா, லெயின்ஸ்டரா: ஆள் எடுப்பதில் யார் கெட்டி?

கிளிநொச்சியில் றக்பி பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வன்னிக்கு உதைபந்தும் கரப்பந்தும் போதும். றக்பி என்றால் கண்டி, கொழும்புப் பாடசாலைகளின் சங்கதி என்றுதான் இங்கே நினைப்பு. ஆனாலும் பரந்தன், வட்டக்கச்சி, விசுவமடு என்று எந்தப் பக்கம் போனாலும் பிரான்சில் ஒரு மச்சானோ பெறாமகனோ இருப்பவர்கள் அதிகம். அவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் துண்டு வீடியோக்களில் தொற்றிக்கொண்ட ஆர்வம் இப்போது நடுச்சாமத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அளவுக்கு வந்திருக்கிறது. பாரிசில் இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் எங்களுக்குப் பன்னிரண்டரை.

பார்க்கிற இந்தச் சிலருக்குள்ளும் இரண்டு கட்சி. பிரான்ஸ் உறவுக்காரர்கள் துலூஸ் பக்கம். ஆங்கில வர்ணனை கேட்டுப் பழகியவர்கள் அயர்லாந்தின் லெயின்ஸ்டர் பக்கம். இரண்டும் ஐரோப்பாவின் பெரிய கழகங்கள். சம்பியன்ஸ் கிண்ணத்தைத் துலூஸ் 6 தடவையும் லெயின்ஸ்டர் 4 தடவையும் வென்றிருக்கின்றன. 2024 இறுதிப் போட்டியில் இரண்டும் மோதி, மேலதிக நேரத்தில் துலூஸ் 31-22 என்று வென்றது. வழக்கமான நேரத்தின் கடைசியில் லெயின்ஸ்டரின் ஃப்ரோலி அடித்த ட்ரொப் கோல் (பந்தைத் தரையில் தட்டவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) உள்ளே போயிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

யார் பெரிய பெயரை வாங்கினார்கள் என்று எண்ணிக் கணக்குப் பார்ப்பது சுலபம். என் கேள்வி வேறு: முதலாம் ஆள் விழுந்தால், அந்த இடத்தில் நாளைக்கு இறங்கப்போவது யார்?

லெயின்ஸ்டரின் ஆள் சேர்ப்பை எடுத்துக்கொள்வோம். அவர்கள் அள்ளிக் குவிப்பதில்லை. டப்ளினின் பிளக்ரொக் கல்லூரி, சென் மைக்கல்ஸ் போன்ற பாடசாலைகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால், இல்லாததை மட்டும் வெளியில் தேடுகிறார்கள். 2024இல் இன்னொரு ஐரிஷ் அணியான மன்ஸ்டரிலிருந்து ஆர்.ஜி. ஸ்னைமன் வந்தார். இரண்டு தடவை உலகக் கிண்ணம் வென்ற தென்னாபிரிக்கர், ஆறே முக்கால் அடிக்குக் குறையாத உயரம். பிரான்சின் க்ளெர்மோனிலிருந்து ரபா ஸ்லிமானி, ஸ்க்ரம்மின் (இரு அணி முன்வரிசைகளும் குனிந்து ஒன்றையொன்று தள்ளுவது) வலப்பக்கத்தைத் தாங்க. அந்த டிசம்பரில் நியூசிலாந்தின் ஜோர்டி பரெட் ஆறு மாத ஒப்பந்தத்தில். 2025-26க்கு ரீகோ யோவானே, அவரும் குறுகிய காலத்துக்கு. பயிற்றுநர் குழுவில் 2023 உலகக் கிண்ணத்தைத் தென்னாபிரிக்காவுக்கு வென்று கொடுத்த ஜாக் நீனாபர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த எடுப்பு ஸ்லிமானிதான். பத்திரிகைத் தலைப்புக்கு ஆகாத பெயர். ஆனால் 2024-25 பருவத்தில் அந்த இடத்து முதலாம் ஆள் டைக் ஃபேர்லொங் தசைப்பிடிப்போடு மாறி மாறி வெளியே உட்கார்ந்தபோது, ஸ்லிமானியும் இளையவர் தொமஸ் கிளார்க்சனும் இருந்தபடியால்தான் ஸ்க்ரம் ஆட்டங்காணவில்லை. அந்தக் கிளார்க்சன், பிரித்தானிய, ஐரிஷ் வீரர்களைச் சேர்த்து அமைக்கும் லயன்ஸ் அணியின் 2025 சுற்றுப்பயணத்துக்கே பிறகு மாற்று வீரராக அழைக்கப்பட்டார். மாற்று ஆளைத் தயார் பண்ணுவது என்றால் இதுதான்.

ஸ்னைமன் விஷயம் வேறு. மன்ஸ்டருக்காக 2020இல் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, அதுவும் லெயின்ஸ்டருக்கு எதிராக, முழங்கால் லிகமென்ட் கிழிந்து வெளியே போனவர். அடுத்த வருடம் மறுபடி அதே பிரச்சினை. அப்படிப்பட்டவரை எடுப்பது துணிச்சல். ஆனால் லெயின்ஸ்டர் அவரை ஒவ்வொரு கிழமையும் இறக்க அவசியமில்லாத அணி, அதனால் அந்தத் துணிச்சலுக்கு நியாயம் உண்டு.

பரெட்டை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. உலகத்தின் முதல்தர மத்திய வீரர் ஒருவரை ஆறு மாதத்துக்குக் கொண்டுவந்து, 2025 மே மாதம் டப்ளினில் நடந்த சம்பியன்ஸ் கிண்ண அரையிறுதியில் மாற்று வரிசையில் உட்கார வைத்தார்கள். நோர்தாம்ப்டன் 37-34 என்று வென்றது. அதோடு அணித்தலைவர் கேலன் டோரிசின் தோள்பட்டையும் போய், சத்திரசிகிச்சை, லயன்ஸ் பயணமும் கைநழுவியது. ஒரு மாதம் கழித்து தங்கள் லீக்கின் இறுதியில் தென்னாபிரிக்காவின் புல்ஸை 32-7 என்று லெயின்ஸ்டர் நசுக்கியது உண்மைதான். ஆனால் 2019, 2022, 2023, 2024 என்று நாலு ஐரோப்பிய இறுதிகளில் தோற்ற கழகம் பரெட்டை வாங்கியது அந்த மே மாத ஆட்டத்துக்காகத்தானே?

துலூஸ் ஆள் எடுக்கும் விதம் முற்றிலும் வேறு. பிரெஞ்சு லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு, 10.7 மில்லியன் யூரோ. அதோடு, ஆட்டத்துக்கான 23 பேரில் சராசரியாக 16 பேர் பிரான்சின் பயிற்சி முறையில் வளர்ந்தவர்களாக இருக்கவேண்டும். எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டி நோட்டீசில் 'வெளி வீரர் இருவருக்கு மட்டுமே அனுமதி' என்று போடுவார்களே, அதே சட்டம்தான். என்ன, இங்கே அந்த இருவரையும் யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, பெயரை மாற்றி மூன்றாவது ஒருவரையும் இறக்குகிறவர்கள் உண்டு.

எனவே துலூஸ் வெளியாளை எடுக்கும்போது கணக்காகத்தான் எடுக்கிறது. வாஸ்ப்ஸ் கழகம் 2022இல் கடனில் மூழ்கியபோது வேலையில்லாமல் நின்ற இங்கிலாந்து வீரர் ஜக் வில்லிஸைத் தூக்கினார்கள். வெளிநாட்டில் ஆடுகிறவர்களை இங்கிலாந்து தேசிய அணியில் சேர்ப்பதில்லை. ஆகவே 2023 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு தேசிய அணி கூப்பிட்டுக் கழகம் அவரை இழக்கிற பிரச்சினையும் இல்லை. 2023 டிசம்பரில் எடின்பரோவிலிருந்து ப்ளேயர் கிங்ஹோர்ன். 2024இல் ஜப்பானின் ஸ்க்ரம் ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துப் பின்னால் கொடுக்கிறவர்) நவோட்டோ சைட்டோ.

சைட்டோவை எடுத்தபோது பலர் சிரித்தார்கள். அந்தோனி டுபொன் இருக்கிற அணிக்கு இன்னொரு ஸ்க்ரம் ஹாஃப் எதற்கு? உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செவன்ஸ் தங்கமும் வாங்கியவர். பதில் 2025 மார்ச் 8ஆம் திகதி டப்ளினில் கிடைத்தது. பிரான்சுக்காக அயர்லாந்துக்கு எதிராக ஆடும்போது ஒரு ரக்கில் (கீழே கிடக்கும் பந்துக்காக முட்டித் தள்ளும் கும்பல்) ஆட்கள் மேலே விழ, டுபொனின் வலது முழங்காலின் முன்சிலுவை லிகமென்ட் கிழிந்தது. 2018இலும் அதே கால், அதே அயர்லாந்து. கழகத்துக்காக ஆடியபோது நடந்த காயமும் அல்ல, நட்டம் மட்டும் கழகத்துக்கு.

வன்னியில் உதைபந்து ஆடின ஆட்களுக்கு இந்தக் காயத்தை விளக்கத் தேவையில்லை. கால் நிலத்தில் ஊன்றி நிற்க உடம்பு மட்டும் திரும்பும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். கிரவல் தரையில், ஒரே நாளில் மூன்று நாலு ஆட்டம் என்று வைக்கும் ஏழு பேர் சுற்றுப்போட்டிகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். முதலில் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டுவது, வீக்கம் வற்றியதும் க்ரேப் பண்டேஜைச் சுற்றிக்கொண்டு திரும்ப இறங்குவது, அடுத்த திரும்பலில் கால் வழுக்கி விழுவது. அதோடு அவர் நடுவராகிவிடுவார், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடுகிறவராகிவிடுவார். டுபொன் சத்திரசிகிச்சை முடித்து, எட்டு மாதத்துக்கு மேல் காத்திருந்து, 2025 நவம்பர் கடைசியில்தான் திரும்பினார். அவ்வளவு காலம் ஒருவரை அவசரப்படுத்தாமல் வைத்திருக்க, அந்த இடத்தில் நம்பிக்கையான இன்னொருவர் வேண்டும்.

துலூஸில் இருந்தார். போல் க்ராவு. பெரிய பெயரில்லை. டுபொன் இல்லாமல் சம்பியன்ஸ் கிண்ண அரையிறுதியில் போர்தோவிடம் 35-18 என்று துலூஸ் தோற்றபோது, 'பார்த்தியா, ஒரு ஆளின் அணி' என்று லெயின்ஸ்டர் கட்சி கொண்டாடியது. ஜூன் 28ஆம் திகதி அதே போர்தோவோடு பிரெஞ்சு இறுதிப் போட்டி. 80 நிமிடம் முடிய 33-33. மேலதிக நேரத்தில் தொமா ராமோஸின் இரண்டு பெனால்டிகள், 39-33. ஸ்க்ரம் ஹாஃப்பாகத் தொடங்கியவர் க்ராவு. தொடர்ந்து மூன்றாவது தடவையாகப் பிரெஞ்சு லீக்கின் கேடயம் துலூஸுக்கு. இங்கே அப்போது விடிய மூன்று மணி இருக்கும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு நான் சத்தம் போட்டது உண்மை.

ஹூக்கர் (ஸ்க்ரம் முன்வரிசையின் நடு ஆள்) இடம் இதைவிடச் சிறந்த உதாரணம். பிரான்ஸ் தேசிய அணியின் ஜூலியன் மார்ஷோன், பியாட்டோ மௌவாகா இரண்டு பேருமே துலூஸ். 2023 உலகக் கிண்ண முதல் ஆட்டத்தில் மார்ஷோன் காயப்பட, மௌவாகா ஏற்றார். 2025 பருவ முடிவில் மௌவாகாவின் முழங்கால் போக, மார்ஷோன் இருக்கிறார். பானையில் அரிசி போட முதல் அடுத்த வேளைக்கும் எடுத்து வைக்கிற வீட்டுக்காரியின் கணக்கு இது.

காயம் வராமல் பார்ப்பதில் மட்டும் லெயின்ஸ்டருக்குத்தான் என் வாக்கு. பிரெஞ்சு லீக்கில் 14 அணிகள், உள்ளும் வெளியுமாக 26 ஆட்டம், அதற்குப் பிறகு நொக்அவுட். லெயின்ஸ்டர் ஆடும் லீக்கில் 16 அணிகள் இருந்தும் 18 ஆட்டம்தான். தேசிய வீரர்கள் எப்போது ஆடுவது, எப்போது ஓய்வது என்பதில் ஐரிஷ் சங்கமே கை வைக்கிறது. முன்னணி வீரர்கள் சிலருக்குச் சம்பளமும் அதுவே கொடுக்கிறது. பிரான்சில் ஆறு நாடுகள் தொடர் நடக்கும்போதும் லீக் ஓடும். தேசிய வீரர்கள் போக, மிச்ச ஆட்களோடு துலூஸ் இறங்கவேண்டும். மாற்று ஆட்கள் அங்கே பழகிப் பதப்படுவதற்கும் அதுதான் காரணம், முழங்கால்கள் தேய்வதற்கும் அதுதான் காரணம். லெயின்ஸ்டரின் பன்னிரண்டு பேர் 2025 லயன்ஸ் முதல் பட்டியலில் இருந்தார்கள் என்றால், அந்தப் பராமரிப்பின் பலன் அது. பிறகு அவர்கள் களைத்துப்போய்த் திரும்பி வருவதும் லெயின்ஸ்டரின் தலைவலிதான்.

விலகல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2007இலிருந்து ஆடிய கீயன் ஹீலி 2025இல் ஓய்வு பெற்றார், அது எதிர்பார்த்ததே. உதைத்து ஆட்டத்தை நடத்துகிற ரொஸ் பேர்னை இங்கிலாந்தின் க்ளோஸ்டருக்கு விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அதே இடத்து இளையவர் சாம் ப்ரெண்டர்காஸ்டுக்கு வழி விட்டார்கள், சரி. ஆனால் ஒரு இளையவருக்குக் கால் பிசகினால், மழையில் நடக்கிற ஒரு கால்இறுதியை அமைதியாக நடத்திக் கொடுக்கிற அனுபவசாலி அல்லவா போனார்? துலூஸ் 2021இல் செஸ்லின் கொல்பியைத் தூலோனுக்கு விட்டபோது ஊரே அழுதது. அதற்குப் பிறகுதான் இந்த மூன்று கேடயமும்.

எங்கள் ஊர்க் கழகங்களில் விலகல் என்றால் பெரும்பாலும் வீசா. நல்ல கோல்காப்பாளர் ஒருவன் வந்தால் இரண்டு வருடத்தில் கட்டாரிலோ பாரிசிலோ இருப்பான், பிறகு அங்கிருந்து ஜேர்சி அனுப்புவான். அதனால்தானோ என்னவோ, போகிறவரை மறித்து வைக்கிற கழகத்தைவிட, போவார் என்று தெரிந்தே அடுத்தவரை வளர்க்கிற கழகத்தில் எனக்குப் பிடிப்பு அதிகம். இதில் துலூஸ்தான் முன்னால். யோவானேயைப் பரெட் மாதிரி வீணாக்காமல் ஏப்ரல், மே ஆட்டங்களில் முதல் நிமிடத்திலிருந்தே இறக்கி, ப்ரெண்டர்காஸ்டுக்குப் பின்னால் நிற்கிற இரண்டாம் ஆளையும் லெயின்ஸ்டர் சரிசெய்தால், மறுபடி இருந்து பேசலாம்.