சேஃப்டி எந்த இடத்தில் மறிக்கிறது: இரண்டு கைத்துப்பாக்கிகளுடன் 12 ஆண்டுகள்

சுடுதளப் பயிற்சிக்காக இரண்டு செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிகளை 12 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, ஜான் பிரவுனிங் உருவாக்கிய 1911 வடிவமைப்பின் பழைய அமைப்பைக் கொண்டது. மற்றொன்று, க்ளாக் 17 போலக் கட்டைவிரலால் இயக்கும் சேஃப்டி நெம்புகோலே இல்லாத ஸ்ட்ரைக்கர் வகை, அதாவது தனிச் சுத்தி இல்லாமல் வில்லால் உந்தப்படும் ஊசியே தோட்டாவை அடிக்கும் வகை. நெம்புகோல் கண்ணுக்குத் தெரிந்ததாலேயே முதலாவதுதான் பாதுகாப்பானது என்று தொடக்கத்தில் நம்பினேன். இரண்டையும் பலமுறை கழற்றிப் பூட்டிய பிறகு, ட்ரிகரில் தொடங்கி பிரைமரில் (தோட்டாவின் அடியிலுள்ள, அடித்தால் பற்றும் சிறு மூடி) முடியும் இயக்கத்தை ஒரு சேஃப்டி எந்த இடத்தில் மறிக்கிறது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்று உணர்ந்தேன்.

1911 வகையில் ட்ரிகரின் அழுத்தம், இடையிலுள்ள டிஸ்கனெக்டர் என்ற இணைப்புத் துண்டு வழியாக, ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியரை நகர்த்துகிறது. சியரின் நுனி விலகியதும் ஹேமர் (சுத்தி) விடுபட்டு, பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னை அடிக்கிறது. கட்டைவிரல் சேஃப்டியை மேலே தள்ளினால், அதன் உட்பக்கப் புடைப்பு சியரை அசையவிடாமல் தடுப்பதோடு, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடையும் பூட்டிவிடுகிறது. பிடியின் பின்புறமுள்ள கிரிப் சேஃப்டி ட்ரிகரை மட்டுமே தடுக்கிறது. இவ்விரண்டுமே ஃபயரிங் பின்னைத் தொடுவதில்லை என்பதை நான் மிகத் தாமதமாகவே கவனித்தேன். குழல்முனை கீழாக வலுவாக விழுந்தால், ஃபயரிங் பின் தன் எடையாலேயே முன்னேறிப் பிரைமரைத் தாக்கக்கூடும். அதைப் பின்னிழுத்துப் பிடித்திருப்பது ஒரு சிறு சுருள்வில் மட்டுமே. 1983-இல் வந்த, கோல்ட் நிறுவனத்தின் 1911 வகையான சீரிஸ் 80, ட்ரிகரை முழுதாக இழுக்கும்வரை ஃபயரிங் பின்னைப் பூட்டி வைக்கும் ஒரு பிளஞ்சரைச் (சிறு தடுப்பு முளை) சேர்த்து இக்குறையைக் களைந்தது. என்னுடையதில் அது இல்லாததால், அந்தச் சுருள்வில்லை உரிய காலத்தில் மாற்றுவதை நான் ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை.

ஆறாம் ஆண்டில் ஒரு சோதனை என்னை உண்மையாகவே கலங்கவைத்தது. தோட்டா அறையும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலி என்பதை உறுதி செய்துகொண்டு, ஹேமரைப் பின்னிழுத்து நிறுத்தி, சேஃப்டியை மேலே தள்ளி, ட்ரிகரை அழுத்தி விட்டேன், ஹேமர் விழவில்லை. பிறகு சேஃப்டியைக் கீழிறக்கி, ஹேமரை மெல்லச் சற்றே பின்னிழுத்தபோது மெலிதான ஒரு ‘க்ளிக்’ கேட்டது. சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் சிறிது நகர்ந்திருந்ததும், பின்னிழுத்தபோது அது மீண்டும் தன் இடத்தில் அமர்ந்ததுமே அந்த ஒலிக்குக் காரணம். உட்பக்கப் புடைப்பு தேய்ந்திருந்தது. தேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் புதிய சேஃப்டியைப் பொருத்திச் சரிசெய்தார். ஹேமர் விழாததை மட்டும் பார்த்து நிறைவடைந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

ஸ்ட்ரைக்கர் துப்பாக்கியில், 1982-இல் க்ளாக் 17 கொண்டுவந்த அதே ஏற்பாடு இருக்கிறது. ட்ரிகரின் நடுவிலுள்ள சிறு தகடு அழுந்தாமல் ட்ரிகர் பின்னே வராது. ட்ரிகரோடு இணைந்த தகடான ட்ரிகர் பார் மேலே தள்ளும்வரை ஒரு பிளஞ்சர் ஃபயரிங் பின்னை மறித்து நிற்கும். கீழே விழும் அதிர்ச்சியில் ட்ரிகர் பார் தானாக இறங்கி ஃபயரிங் பின்னை விட்டுவிடாதபடி ஒரு விளிம்பு அதைத் தாங்கும். விழுவதைப் பொறுத்தவரை இதையே நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் ட்ரிகரை அழுத்துவது விரலா, உறைக்குள் சிக்கிய துணியின் நுனியா என்று இதற்குத் தெரியாது. ஆகவே ட்ரிகர் பகுதியை முழுதாக மூடும் கடினமான உறை இல்லாமல் இதை நான் எடுத்துச் செல்வதில்லை.

ஸ்லைடு முழுமையாக மூடாதபோது சுடவிடாமலும், ஓர் இழுப்புக்கு ஒரே குண்டு என்று நிறுத்தியும் வைக்கும் டிஸ்கனெக்டர் இரண்டிலுமே இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. பிரவுனிங் ஹை-பவரில் உள்ளதுபோல, மேகசினை நீக்கினால் சுடாமல் தடுக்கும் அமைப்பு இரண்டிலும் கிடையாது. மேகசினை எடுத்த பிறகும் அறையில் எஞ்சிய தோட்டா வெடிக்கும். ஸ்ட்ரைக்கர் வகையைக் கழற்ற ட்ரிகரை இழுத்தாகவேண்டும் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. அந்தக் கணத்தில் மூன்று சேஃப்டிகளும் ஒருசேர விலகிவிடுகின்றன. அதனால் ஸ்லைடைப் பின்னிழுத்து, அறையைக் கண்ணால் ஒருமுறையும் விரலால் ஒருமுறையும் பார்த்த பின்னரே ட்ரிகரைத் தொடுகிறேன்.