நண்டா, பட்டாணியா? டார்வினுக்காக நடந்த சண்டை

1900-ல் மெண்டலின் பட்டாணி ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் டார்வினுக்கு வலு கூடியது என்று நினைக்கத் தோன்றும். முதலில் வந்தது சண்டைதான். மெண்டலை நம்பியவர்கள், சூழலுக்குப் பொருந்தியவையே பிழைத்துப் பெருகும் என்ற டார்வினின் இயற்கைத் தேர்வைக் குறைத்துப் பேசினார்கள். இயற்கைத் தேர்வை நம்பியவர்கள் மெண்டலைச் சந்தேகித்தார்கள்.

ஒரு பக்கம் விலங்கியலாளர் வெல்டனும் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனும். அளவெடுப்பதும் புள்ளியியலும் இவர்கள் வழி. இங்கிலாந்தின் பிளிமத் கடலோர நண்டுகளின் ஓட்டின் முன்பக்க அகலத்தை வெல்டன் சில வருடங்கள் அளந்தார். சராசரி குறைந்துகொண்டே வந்தது. தண்ணீரில் கூடிய களிமண் வண்டல்தான் காரணமோ என்று, களிமண் கலக்கிய நீரில் நண்டுகளை விட்டுப் பார்த்தார். செத்தவை சராசரியில் அகலமானவை, பிழைத்தவை குறுகலானவை. 1898-லேயே இயற்கைத் தேர்வைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்த வேலை இது! ஆனால் அந்தக் குறுகல் அடுத்த தலைமுறைக்கு எந்த விதிப்படி போகிறது என்பதற்கு அவரிடம் உருப்படியான விடை இல்லை.

எதிர்ப்பக்கம் உயிரியலாளர் வில்லியம் பேட்சன், வெல்டனின் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். மாற்றம் சிறுகச் சிறுக அல்ல, தாவித்தான் வருகிறது என்று 1894-லேயே வாதாடியவர். ஒன்று மஞ்சள், இல்லையேல் பச்சை, நடுவில் எதுவும் இல்லை என்ற மெண்டலின் பட்டாணி அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. ஆனால் புதுமையெல்லாம் தாவலிலேயே வந்துவிட்டால், இயற்கைத் தேர்வுக்கு ஆகாததைக் கழித்துக்கட்டும் வேலைதான் மிச்சம்.

மரபு கடந்துபோகும் விதத்தில் பேட்சன் பக்கம் சரி. தேர்வு வேலை செய்யும் விதத்தில் என் ஓட்டு வெல்டனுக்கே. பட்டாணியிலும் அவரை லேசில் ஒதுக்க முடியாது: பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே எத்தனை நிறங்கள் என்று 1902-ல் படம் போட்டே காட்டினார்.

முடிச்சை அவிழ்க்க உதவியது கோதுமை. ஸ்வீடனில் பயிர் வளர்ப்பு ஆய்வாளர் நில்சன்-ஏலே, மூன்று மரபணுக்கள் சேர்ந்து சிவப்பு நிறம் தந்தால், சிவப்பையும் வெள்ளையையும் கலந்த இரண்டாம் தலைமுறையில் 64 செடிகளில் ஒன்றுதான் வெள்ளை மணி தரும், மற்றவை பல அளவுச் சிவப்பு என்று காட்டினார். மெண்டல் விதிதான், விளைவோ வெல்டன் சொன்ன படிப்படியான மாற்றம். மரபணுக்கள் நிறைய, ஒவ்வொன்றின் பங்கும் சிறிது என்று வைத்தால் பியர்சன் தரப்பின் கணக்குகளும் ஒத்துவரும் என்று ஒரு கட்டுரையில் நிறுவியவர் புள்ளியியலாளர் ஃபிஷர். அந்தக் கட்டுரையை 1916-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்காகப் பரிசீலித்தவர்கள் பியர்சனும் பேட்சனின் கூட்டாளி பன்னெட்டும். இருவருக்குமே அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஃபிஷர் அதைத் திரும்பப் பெற்று, 1918-ல் எடின்பரோவில் வெளியிட்டார்.