இடது காலுக்கு எண்ணெய், வலது காலுக்கு லோஷன்

குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் கழித்து, முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாக ஒரு கோடு கீறிப் பாருங்கள். கரும்பலகையில் சாக்கட்டியால் இழுத்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் தோல் வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம். என் இரண்டு காலிலும் அந்தக் கோடு பளிச்சென்று விழும். மழையும் புழுக்கமுமான ஊரில் தோல் எப்படி வறளும் என்று கேட்கலாம். ஏர்கோன் ஓடும் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர்க் குளியல், நுரை பொங்கும் கட்டி சோப்பு. இந்த மூன்றும் போதும். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 5 அளவில். சாதாரணக் கட்டி சோப்பு 9, 10 வரை போகும், அதாவது காரத்தன்மை. தினமும் இரண்டு வேளை அதைத் தேய்த்தால் தோல் தன் எண்ணெய்ப் பசையை இழக்கத்தான் செய்யும்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டாலும் தோட்டத்து ஆட்கள் வாயில் பழைய பெயர்தான். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்கு வந்த பிறகும் அம்மாவின் அலமாரியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மாறவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கடைசி சில வருடங்கள் ஸ்டோரில் நின்று பாலை உறைய வைக்க ஆசிட் கலந்தவர். ஃபார்மிக் அமிலம் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெடித்திருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கரண்டியில் எண்ணெயைச் சுடவைத்து ஒவ்வொரு விரலாக உருவிவிடுவார். அந்த வாசனையில்தான் நான் தூங்கிப் பழகினேன். ஆனால் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் லோஷனுக்கு மாறிவிட்டேன். யூனிஃபார்மில் எண்ணெய்க் கறை படிந்தால் சூப்பர்வைசர் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது.

"காசு குடுத்துத் தண்ணி வாங்குறே" என்பார் அம்மா. "எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டும்மா" என்பேன் நான். இந்த வாக்குவாதத்துக்கு ஒரு முடிவு கட்டலாம் என்றுதான் இடது காலுக்கு எண்ணெய், வலது காலுக்கு லோஷன் என்று மூன்று வாரம் தேய்த்துப் பார்த்தேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.

முதல் வாரம் லோஷன்தான் ஜெயித்தது. வலது காலில் வெள்ளைக் கோடு மறைந்தே போனது. இடது கால் பளபளவென்று மின்னியது, ஆனால் துண்டால் துடைத்துவிட்டுக் கீறினால் கோடு அப்படியே இருந்தது. எண்ணெய் மேலே நிற்கிறது, உள்ளே தோல் தாகமாகவே இருக்கிறது. அம்மா ஒரு நாள் நான் தேய்ப்பதைப் பார்த்துவிட்டுத் திட்டினார். "காஞ்ச காலுல தேச்சா என்னாத்துக்கு ஆகும்? ஈரத்தோட தேய்க்கணும்டி."

அந்த ஒரு வரியில் விஷயம் முழுவதும் இருக்கிறது. தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல். இடையில் பூசிய சாந்து, செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று மூன்றும் கலந்த கொழுப்பு. சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து ஆவியாகிவிடும். எண்ணெய் அந்த விரிசல்மேல் ஒரு மூடி போடுகிறது. ஆனால் எண்ணெயில் துளி தண்ணீர்கூடக் கிடையாது. இருப்பதைப் பூட்டி வைக்குமே தவிர, இல்லாததைக் கொண்டுவந்து கொடுக்காது. லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான், அம்மா சொன்னது சரி. லேபிளில் அளவு அதிகமானதை முதலில் எழுதுவார்கள். பெரும்பாலும் முதல் சொல் தண்ணீராகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிப் போகும். கூட வரும் கிளிசரின்தான் முக்கியம். அது ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் கிளிசரின் இங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாவது வாரம் குளித்து முடித்துத் துண்டால் ஒற்றிவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே இடது காலில் எண்ணெய் வைத்தேன். அளவையும் குறைத்தேன். உள்ளங்கையில் அரை டீஸ்பூன், அதை இரண்டு கையிலும் பரப்பி, கணுக்காலிலிருந்து மேலே இழுத்துவிட்டேன். ஈரத்தோடு சேரும்போது எண்ணெய் பால்போல் கலங்கி, சட்டென்று பரவும். ஐந்து நிமிடத்தில் பிசுக்கு அடங்கிவிட்டது. நாலாம் நாள் இரண்டு காலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில், ராத்திரி தேய்த்து மறுநாள் மாலை பார்க்கும்போது எண்ணெய்க் கால் ஒரு படி மேலாகவே இருந்தது.

இது என் கால் மட்டும் சொல்லும் கதை அல்ல. 2004இல் பிலிப்பைன்ஸ் தோல் மருத்துவர்கள் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம், ஒரு பிரிவுக்குத் தேங்காயெண்ணெயும் மறு பிரிவுக்குப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலும் கொடுத்து, காலில் தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம் தேய்க்க வைத்தார்கள். இரண்டுமே ஒரே அளவு பலன் கொடுத்தன. பல லோஷன்களில் மூடியாக வேலை செய்வது மினரல் ஆயில்தான். 2014இல் அதே நாட்டில், எக்சிமா என்னும் அரிப்புத் தோல் நோய் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் ஒப்பிட்டபோது, தேங்காயெண்ணெய் மினரல் ஆயிலை முந்தியது. இரண்டிலும் பயன்படுத்தியது சூடாக்காமல் எடுத்த விர்ஜின் எண்ணெய். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் வெளுத்த எண்ணெயும் மூடி போடும்தான், ஆனாலும் உடம்புக்கு என்றால் நான் விர்ஜின் எண்ணெயைத்தான் எடுப்பேன்.

சரி, எண்ணெய் என்றால் எல்லா எண்ணெயும் ஒன்றா? இல்லவே இல்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

ஆலிவ் எண்ணெயைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்பிப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆலிவ் எண்ணெய் வாங்கிப் போகிறோம். அதில் ஒலிக் அமிலம் மிக அதிகம். அந்த அமிலம் சாந்தைக் கலைத்துவிடும் தன்மை உள்ளது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் முன்கையில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தேய்த்தபோது தோலின் தடுப்புச்சுவர் பலவீனப்பட்டது, லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை, ஈரப்பசையையும் கூட்டியது. ஆனால் பச்சிளம் குழந்தை என்றால் சூரியகாந்திக்கும் அவசரப்பட வேண்டாம். மான்செஸ்டரில் 115 குழந்தைகளைப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே, எண்ணெயே தேய்க்காத குழந்தைகளோடு ஒப்பிட்டால், தோலின் கொழுப்பு அடுக்கு சீராக அமைவதைத் தாமதப்படுத்தின. அண்ணி பிள்ளை பெற்று வந்தபோது, மூன்று பேர் கொண்டுவந்த ஆலிவ் போத்தலையும் நான்தான் சமையலறைக்கு அனுப்பினேன். பிள்ளைக்கு எதைத் தேய்ப்பதாக இருந்தாலும் கிளினிக்கில் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

நல்லெண்ணெய் வேறு ரகம். தீபாவளி விடியலில் உச்சந்தலையில் அம்மா வைக்கும் அந்த எண்ணெயை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்காது, எள்ளிலேயே இருக்கும் செசமால் போன்ற பொருள்கள் அதைக் காப்பாற்றும். ஆனால் தேய்த்து ஊறிய பிறகு சீயக்காய் போட்டுக் கழுவிவிடுகிறோம். மிஞ்சுவது கொஞ்சம்தான். வாரம் ஒரு தடவைக் குளியலுக்கு அது. தினப்படி பூச்சுக்கு என்றால் கனமாகவும் வாசனை தூக்கலாகவும் இருக்கிறது. விளக்கெண்ணெய் அதைவிடக் கெட்டி. தனியாகத் தேய்த்தால் படுக்கை விரிப்புதான் மென்மையாகும், குதிகாலுக்கும் முழங்கைக்கும் ஒரு துளி போதும்.

செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலைப் பூசலாமா என்று கேட்டவர்களும் உண்டு. சிவப்புச் செம்பனை எண்ணெயில் இருக்கும் கரோட்டின் தோலையும் துணியையும் மஞ்சளாக்கும், அதனால் வேண்டாம். ஆனால் செம்பனை வேறு வழியாக நம் உடம்புக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. லோஷனில் இருக்கும் கிளிசரினும் ஸ்டீரிக் அமிலமும் பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பவை, அதில் செம்பனைக்குப் பெரிய பங்கு. இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டதே எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான், 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம் எஸ்டேட். அந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் அம்மாவின் போத்தலும் என் போத்தலும் ஒரே மண்ணில் நிற்பது மாதிரி எனக்குத் தோன்றும். குலை வெட்டிய கைகள் யாருடையவை என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு, லோஷன் என்றாலே ரசாயனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் இருக்கும் பொருளில் கிருமி வளரும், அதனால் லோஷனில் கெடாமல் வைக்கும் மருந்து போடத்தான் வேண்டும். அதற்குப் பயப்படுவதைவிட, வாசனைக்கு நான் பயப்படுவேன். தோல் அரிப்பு உள்ளவர்கள் வாசனை சேர்க்காத லோஷனை எடுப்பது நல்லது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் லேபிள் ஒழுங்காக இல்லாத "வெள்ளையாக்கும்" லோஷனைத் தொடவே வேண்டாம். பாதரசம் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்.பி.ஆர்.ஏ அடிக்கடி பெயர் சொல்லி எச்சரிக்கிறது.

இப்போது எண்ணெய் தோற்கும் இடங்கள். என் அண்ணன் செம்பனைக் குலை வெட்டுபவர். காலையில் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவார். முள்ளும் செடியும் கீறினால் எரிச்சல் குறையும் என்பது அவர் கணக்கு. வெயிலில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து, முதலில் வேர்க்குரு. அப்புறம் முதுகிலும் தோளிலும் தேமல் பரவியது. தேமலுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தோலிலும் குடியிருப்பதுதான். கொழுப்பைத் தின்று வாழ்வது அது. புழுக்கமான ஊரில், மூடிய சட்டைக்குள், எண்ணெய் பூசிய முதுகு அதற்கு விருந்து. மருந்து பூசியதோடு எண்ணெயை ராத்திரிக்கு, கைகாலுக்கு மட்டும் என்று மாற்றிய பிறகு தேமல் திரும்பவில்லை. வெயிலில் வேலை செய்பவர்கள் பகலில் எண்ணெய் பூசக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும்தான் அதற்கு.

முகத்துக்கும் தேங்காயெண்ணெய் கூடாது. எனக்கு நாடியிலும் நெற்றியிலும் பரு கிளம்பியது, ஒரே வாரத்தில்.

காசுக் கணக்கில் எண்ணெய்தான் முன்னே. அரை டீஸ்பூன் இரண்டு காலுக்கு என்றால் சின்னப் போத்தலே மாதக்கணக்கில் வரும். லோஷன் அதே காலுக்கு மூன்று நான்கு அழுத்து கேட்கும். தேங்காயெண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைகொழுப்பு, அதனால் சீக்கிரம் கெடாது. ஈரக் கையைப் போத்தலுக்குள் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் போத்தலைக் கக்கத்தில் வைத்துத்தான் உருக்க வேண்டும். துணிக் கறைதான் பெரிய தொல்லை. எண்ணெய்க்கென்று இரண்டு பழைய கைலியை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் குதிகால்தான் கடைசி. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர், குதிகாலில் அரிசி நுழையும் அளவுக்கு வெடிப்பு. எண்ணெய் பல மாதம் பூசியும் கெட்டித் தோல் இளகவே இல்லை. அதோடு பூசிய பாதத்தோடு குளியலறைப் பக்கம் போய் ஒரு நாள் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பினார். அன்றே மருந்துக்கடையில் யூரியா கலந்த கிரீம் வாங்கினேன். யூரியா ஈரத்தை இழுப்பதோடு தடித்த தோலையும் இளக்கும். எண்ணெய்க்கு அந்தச் சக்தி கிடையாது. முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, மூன்றாவது வாரத்தில் தானாகவே காலை நீட்டினார். இனிப்புநீர்க்காரர்களுக்கு விரலிடுக்கில் எதையும் பூசக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் புண்ணாகும்.

இப்போது என் வழக்கம் இது. வேலைக்குப் போகும் காலையில் கைகாலுக்கு லோஷன். ராத்திரிக் குளியலுக்குப் பிறகு, ஈரத் தோலில் தேங்காயெண்ணெய். அம்மாவும் ஒரு விஷயத்தில் இறங்கி வந்திருக்கிறார். கிரீமைக் குதிகாலில் தடவி, விரலிடுக்கைப் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, சாக்ஸ் மாட்டிக்கொண்ட பிறகுதான் கைக்கு எண்ணெய் எடுக்கிறார். கரண்டியில் சுடவைத்துத்தான், இன்னமும்.