கடலைக்கொடி லோடு வாங்குபவர்கள் நடுக்கட்டைப் பிரித்துப் பாருங்கள்

குப்பம், ராமகுப்பம், வி.கோட்டா பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள், ஆந்திர-தமிழ்நாடு எல்லைக்கு அந்தப்பக்கம் வேப்பனப்பள்ளி வரைக்கும் இருப்பவர்கள், கோடைக்குக் கடலைக்கொடி (காய் பறித்துக் காயவைத்த நிலக்கடலைச் செடி) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இரண்டு தாய் ஆடுகள் செத்தன, ஒரு சினை ஆடு குட்டி வீசிவிட்டது. விற்றவர் பெயரை எழுதவில்லை. விசாரித்ததில் இது ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை என்று தெரிந்தது. அதனால் ஆளைவிட வேலையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

மாசி பிறந்தால் எங்கள் காட்டில் மேய்ச்சல் கிடையாது. ஆடு வெறும் வயிற்றோடுதான் பட்டிக்குத் திரும்பும். அப்போது கைகொடுப்பது கடலைக்கொடிதான். நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் இருக்கும். இலை உதிராமல் காய்ந்த கடலைக்கொடியில் அது 8 சதவீதத்துக்குக் குறையாது, 10-ஐத் தாண்டியும் போகும். ஆட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிப்பவை அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். தீனியில் புரதம் இருந்தால்தான் அவை பெருகும், அவை பெருகினால்தான் நார் உடையும். ஆட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அந்த நாரிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் வைக்கோலைவிட விலை அதிகம் கொடுத்துக் கொடி வாங்குகிறோம்.

கொடி விற்க வந்தவர் "கதிரிச் சரக்கு அண்ணா, இலை அப்படியே இருக்கு பாருங்க" என்றார். கதிரி ஆந்திராவில் கடலை விளையும் ஊர். மேல் வரிசைக் கட்டுகள் உண்மையிலேயே பச்சை மாறாமல், வாசனையாக இருந்தன. பக்கவாட்டிலும் உருவிப் பார்த்தேன், நல்ல கொடிதான். எடைமேடையில் ஏற்றி, சீட்டைப் பார்த்துக் காசு கொடுத்தேன். மேலும் பக்கமும் தெரிகிற கட்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்து அடுக்கியிருந்தார்கள். நடுவில் இருந்தது வேறு சரக்கு.

அடுக்கிவைத்த கொடிப்போர் பாதிக்கு இறங்கியபோதுதான் அது கையில் பட்டது. கட்டின் கயிற்றை அறுத்ததும் உள்ளே சூடாக இருந்தது. கொடி கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. உதறினால் சாம்பல் மாதிரி பூஞ்சைத் தூசி மூக்கில் ஏறியது. வேரோடு அரைகுறையாக நின்ற பிஞ்சுக் காய்களை நசுக்கிப் பார்த்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம். ஐப்பசி மழையில் நனைந்த கொடியைக் காயவிடாமல் கட்டியிருக்கிறார்கள். எடைக்காக வேர்மண்ணையும் தட்டவில்லை. ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டினால் போரில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். நாம் தண்ணீருக்கும் மண்ணுக்கும் கொடி விலை கொடுக்கிறோம், அதற்கு மேல் விஷத்தையும் வீட்டுக்கு ஏற்றிவருகிறோம்.

ஆடுகளிடம் முதலில் தெரிந்தது அசை நின்றதுதான். ராத்திரி பட்டிக்குள் போனால் எப்போதும் கேட்கும் அந்த மெல்லும் சத்தம் இல்லை. காது தொங்கிப்போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றன. புழுக்கை தனித்தனியாக விழாமல் சளியோடு ஒட்டி விழுந்தது. இடப்பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கிற குழியில் முஷ்டியை அழுத்தி வைத்தால், நல்ல ஆட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு உருண்டு கையைத் தள்ளும். இவற்றுக்கு வெகுநேரம் வைத்தும் அசைவே இல்லை.

விற்றவருக்குப் போன் போட்டேன். "துள்ளுமாரியா இருக்கும் அண்ணா, ஊசி போட்டீங்களா?" என்றார். அந்தக் குடல்நச்சு நோய்க்கு மழைக்கு முன்பே தடுப்பூசி போட்ட ஆடுகள் என்றதும், "அப்போ தண்ணி சரியில்லை" என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. இந்தப் பதிலை நம்பி யாரும் செத்த ஆட்டைப் புதைத்துவிட வேண்டாம். அரசுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்தில் வாங்குங்கள். காசைத் திருப்பிக் கேட்க வேறு ஆதாரம் இருக்காது.

என் ஆட்டை அறுத்தபோது ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. வயிற்றுத் தீனியை டாக்டர் என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். முழுக்க மணல். பூஞ்சைக் கடலையில் வரும் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு ஈரலைத்தான் தாக்கும் என்றார். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இந்த நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்ததாம். வளர்ந்த செம்மறி ஓரளவு தாங்கும். குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் அந்தத் தாங்கும் சக்தி இல்லை, தாயின் பாலிலும் நஞ்சு இறங்கும். பூஞ்சைக் கொடியை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். காய்ந்தால் பூஞ்சை அடங்கும், அது ஏற்கெனவே விட்ட நஞ்சு கொடியிலேயே இருக்கும். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

லோடு வந்தால் எடைக்குப் போகும் முன்பே நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கட்டுகளை இழுத்துக் கயிற்றை அறுக்கச் சொல்லுங்கள். அறுக்க மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். கையை உள்ளே விட்டுச் சூடு பாருங்கள். ஒரு பிடி கொடியைத் தார்ப்பாயில் உதறிப் பாருங்கள், இன்னொரு பிடியை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். பிஞ்சுக் காய் நிறைய நின்றால் லாபம் என்று எங்கள் ஊரில் நினைப்பார்கள். ஈரத்தில் கட்டிய கொடியில் அந்தக் காய்தான் மோசம், உடைத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, காற்றாடக் காகிதப் பையில் போட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். புரதம், மண், பூஞ்சை நஞ்சு எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். பாலிதீன் பையில் மட்டும் கட்டாதீர்கள், போகிற வழியிலேயே பூஞ்சை கூடிவிடும். புதுக் கொடி எதுவானாலும் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய தீனியோடு கலந்தே போடுங்கள். மீந்த கெட்ட கொடியைப் படுக்கைக்குக்கூட விரிக்க வேண்டாம், ஆடு கொறிக்கும். நான் மிச்சத்தை எருக்குழியில் தள்ளி மண் போட்டு மூடிவிட்டேன்.