திடப்படுத்தல்: ஞாயிறு கிளாஸா, தனி மென்டரா?

பெங்களூர்ல நம்ம தமிழ் லுத்தரன் சபைப் பெற்றோர் நிறைய பேர் கேக்குறாங்க, திடப்படுத்தலுக்கு, அதாவது கைக்குழந்தையில ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை வளந்ததும் சபை முன்னாடி தன் விசுவாசத்த அறிக்கை செய்யுற சடங்குக்கு, பிள்ளைய ஐயரோட (சபைப் போதகரோட) ஞாயிறு கிளாஸ்ல விட்டா போதுமா, இல்ல சபைப் பெரியவங்க ஒருத்தர மென்டரா வெக்கணுமான்னு.

செலவு: ரெண்டுலயும் பெருசா ஒண்ணும் இல்ல.

நேரம்: கிளாஸ்னா ஆராதனை முடிஞ்சதும் அங்கயே முடிஞ்சிடும். மென்டர்னா ஒருத்தர் ஒயிட்ஃபீல்டு, ஒருத்தர் கம்மனஹள்ளி, இந்த டிராஃபிக்ல வாரநாள் நடக்கவே நடக்காது, சனிக்கிழமைதான்.

பாடம்: இதுல கிளாஸ்தான் பலம். 1529ல மார்ட்டின் லுத்தர் எழுதின சிறிய ஞானோபதேசம்ங்கிற கேள்வி-பதில் பாடப் புத்தகம் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, நற்கருணைன்னு போகும், சேந்து சொன்னா மனப்பாடமும் ஆயிடும். மென்டர்கிட்ட இந்த ஒழுங்கு தப்பிடும்.

தமிழ்: ஸ்கூல்ல கன்னடம் படிச்ச பிள்ளைக்கு ஞானோபதேசத்தோட பழைய தமிழ் வாசிக்கவே திணறும். மென்டர் பக்கத்துல உக்காந்து வரி வரியா, தேவைப்பட்டா இங்கிலீஷ்லயே விளக்கலாம்.

சந்தேகம்: "கைக்குழந்தையிலயே ஞானஸ்நானம் குடுத்துட்டீங்க, நான் நம்புறேனான்னே தெரியலையே"ன்னு எந்தப் பிள்ளையும் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லாது, ஆனா திடப்படுத்தல் அன்னிக்கு அது தன் வாயால விசுவாசத்த அறிக்கை செய்யணும், அதனால எனக்கு இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம், இதுக்கு மென்டர்தான் சரி.

அடிப்படையே தெரியாத பிள்ளைன்னா முதல்ல கிளாஸ். எல்லாம் ஒப்பிக்குது, ஆனா மனசத் திறக்கலன்னா மென்டர். சந்திப்பு மட்டும் சர்ச் வளாகத்துல நாலு பேர் பாக்குற இடத்துல, பெற்றோருக்குத் தெரிஞ்சுதான் நடக்கணும்.